வீட்டுப் பத்திரமும் கடன் பத்திரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு, மனை, கடை என்று அசையாச் சொத்தில் பணம் போட்டவர்களும் போட நினைப்பவர்களும் கடன் பத்திரங்களைப் பற்றி எழுப்பும் கேள்விகள் இவை. கணக்கு எளிதாக இருப்பதற்காகச் சொத்தின் விலையை எங்கும் 100 என்றே வைத்திருக்கிறேன். எந்த நாட்டுப் பணமாகவும் அதை நினைத்துக்கொள்ளலாம்.

நான் வாங்கப் போவது வீடு. கடன் பத்திரத்தைப் பற்றி நான் ஏன் கவலைப்பட வேண்டும்?

தமிழில் இரண்டுமே பத்திரம்தான். வீட்டை வாங்கினால் கைக்கு வருவது கிரயப் பத்திரம். அரசுக்கோ நிறுவனத்துக்கோ பணத்தைக் கொடுத்து வைத்தால் வருவது கடன் பத்திரம். "பணம் பத்திரமாக இருக்கிறதா?" என்று கேட்கும்போது மூன்றாவது பொருள் ஒன்றும் வந்து சேர்ந்துகொள்கிறது. முதல் இரண்டை வாங்குபவர்கள் தேடுவது பெரும்பாலும் அந்த மூன்றாவதைத்தான்.

சொல் ஒன்றாக இருப்பது தற்செயல். உறவு அப்படியல்ல. உங்கள் வீட்டை விலை பேசுகிறவர், அதே பணத்தைக் கடன் பத்திரத்தில் போட்டால் என்ன கிடைக்கும் என்று மனக்கணக்குப் போட்டுவிட்டுத்தான் பேசுகிறார். வீட்டுக்காக நீங்கள் வாங்கும் கடனின் வட்டி, கடன் பத்திரச் சந்தையை ஒட்டித்தான் ஏறி இறங்குகிறது. பல நாடுகளில் அந்தக் கடனே இன்னொருவர் கையில் கடன் பத்திரமாக மாறிவிடுகிறது. ஆகவே பத்திரச் சந்தையைத் திரும்பிப் பார்க்காமல் வீடு வாங்குகிறவரும் அதன் முடிவுகளுக்குக் கட்டுப்பட்டவர்தான்.

கடன் பத்திரம் எப்படி இயங்குகிறது? பள்ளிக்கூடப் பாடம் வேண்டாம், தேவையானதை மட்டும் சொல்லுங்கள்.

100 கொடுக்கிறீர்கள். ஆண்டுக்கு 5 வட்டி, 10 ஆண்டு கழித்து 100 திரும்பும் என்று எழுதித் தருகிறார்கள். அந்த வட்டிக்குக் கூப்பன் என்று பெயர். பழைய காகிதப் பத்திரங்களின் ஓரத்தில் இருந்த துண்டுகளைக் கத்தரித்துக் கொடுத்து வட்டி வாங்கிய காலத்திலிருந்து வரும் பெயர் அது.

நாளையே புதிய பத்திரங்கள் 6 சதவீதம் தரத் தொடங்கினால், உங்கள் 5 சதவீதப் பத்திரத்தை யாரும் 100 கொடுத்து வாங்கமாட்டார்கள். சுமார் 92.6க்குத்தான் போகும். அதுவே 30 ஆண்டுப் பத்திரமாக இருந்தால் சுமார் 86. முதிர்வே இல்லாத பத்திரமாக இருந்தால் 83. வட்டி ஏறினால் பழைய பத்திரத்தின் விலை இறங்கும், முதிர்வு தள்ளிப்போகப் போக அடி பலமாக விழும். கடன் பத்திரத்தைப் பற்றி வேறெதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இது நிற்கட்டும். வீட்டுக் கணக்கு முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

வாடகைக்கு விட்ட வீடும் கடன் பத்திரமும் ஒன்றுதானா?

ஒருவகையில் அண்ணன் தம்பி. இரண்டிலும் மொத்தமாக ஒரு தொகையைப் போட்டுவிட்டுச் சிறுகச் சிறுக வருமானத்தை எடுக்கிறோம். இங்கிலாந்து அரசு 18ஆம் நூற்றாண்டில் வெளியிட்ட கன்சால் என்ற பத்திரங்களுக்கு முதிர்வுத் தேதியே கிடையாது. அரசு விரும்பி மீட்கும்வரை வட்டி வந்துகொண்டே இருக்கும். அந்த வகையின் கடைசி மிச்சங்கள் 2015இல்தான் மீட்கப்பட்டன. வாடகை வீடு இந்தக் கன்சாலின் சாயல் கொண்டது. அந்நாட்டில் நிலத்தின் விலையை "இத்தனை ஆண்டு வாடகை" என்று சொல்லும் வழக்கமும் நெடுங்காலம் இருந்தது. 20 ஆண்டு வாடகைக்கு நிலம் போகிறது என்றால் 5 சதவீத வருவாய் என்று பொருள். பத்திரத்தை வாங்குகிறவரும் நிலத்தை வாங்குகிறவரும் ஒரே தராசைத்தான் பயன்படுத்தினார்கள்.

ஆனால் அண்ணன் தம்பிக்குள் குணம் வேறு. சாதாரணக் கூப்பன் ஏறாது, வாடகை ஏறும். கூப்பன் நள்ளிரவில் கூப்பிட்டுக் குழாய் உடைந்துவிட்டது என்று சொல்லாது. வாடகையைத் தருகிறவர் காலி செய்துகொண்டு போவார், அடுத்தவர் வரும்வரை வருமானம் பூஜ்யம். பத்திரத்துக்கு வயதானால் அசல் திரும்பி வரும். கட்டடத்துக்கு வயதானால் செலவு வரும். மண்ணுக்கு மட்டும் மூப்பில்லை. அதனால்தான் ஒரு வீட்டின் விலையில் மண்ணின் பங்கு எவ்வளவு, கட்டடத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது வாங்குகிறவருக்கு நல்லது.

வீட்டின் வருவாயைப் பத்திர வட்டியோடு எப்படி ஒப்பிடுவது?

முதலில் வாடகையைச் சலித்தெடுக்க வேண்டும். விலை 100, ஆண்டு வாடகை 6 என்றதும் "6 சதவீதம் வருகிறது" என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். ஆண்டில் ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் அரை போயிற்று. சொத்து வரி, காப்பீடு, வெள்ளையடிப்பு, பழுது, தரகு எல்லாம் சேர்ந்து இன்னும் ஒன்றரை என்று வைத்தால் கையில் நிற்பது 4. இந்த 4ஐத்தான் பத்திரத்தின் பக்கத்தில் வைக்க வேண்டும். சலிக்காத வாடகையைக் கொண்டு ஒப்பிடுவது, உமியோடு சேர்த்து நெல்லை நிறுத்து அரிசி என்று சொல்வது போன்றது.

அடுத்து, எந்தப் பத்திரம்? உங்கள் நாட்டு அரசின் நீண்டகாலப் பத்திரம். தன் நாட்டு நாணயத்திலேயே கடன் வாங்கும் அரசு வட்டியைத் தராமல் போகும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதால் அதுதான் அளவுகோல். அது 5 தருகிறது, வீடு 4 தருகிறது என்றால் வீட்டை வாங்குவது மடமையா? இல்லை. அந்த 5 எந்நாளும் 5தான். வீட்டின் 4, ஆண்டுக்கு 3 சதவீதம் வாடகை ஏறினால் 24 ஆண்டுகளில் 8 ஆகிவிடும். வருவாயோடு வாடகை வளர்ச்சியைக் கூட்டிப் பாருங்கள். 4உம் 3உம் 7. பத்திரத்தைவிட 2 கூடுதல். அந்த இரண்டு, குழாய் உடைவதற்கும் அவசரத்துக்கு விற்க முடியாமல் தவிப்பதற்கும் உங்களுக்குக் கிடைக்கும் கூலி. அது போதுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்குப் போதாது என்று தோன்றினால் விலையைக் குறைத்துக் கேட்பேன்.

இன்னும் நேர்மையான ஒப்பீடு ஒன்று உண்டு. வாடகை விலைவாசியோடு ஏறுவதால், விலைவாசியோடு ஏறும் பத்திரத்தின் பக்கத்தில் அதை வைக்கலாம். பிரிட்டன் 1981இலும் அமெரிக்கா 1997இலும் அத்தகைய அரசுப் பத்திரங்களை வெளியிடத் தொடங்கின. அவை விலைவாசிக்கு மேல் 2 சதவீதம் தரும் காலத்தில், சலித்த வருவாய் 2 மட்டுமே உள்ள வீட்டை வாங்குகிறவர் விலை ஏற்றத்தை நம்பித்தான் வாங்குகிறார். நம்பலாம், தவறில்லை. ஆனால் அதை வருமானம் என்று தன்னிடமே சொல்லிக்கொள்ளக் கூடாது.

வட்டி ஏறினால் வீட்டு விலை இறங்கியே ஆக வேண்டுமா?

காகிதத்தில் ஆம். சலித்த வாடகை 5, வாங்குகிறவர்கள் 5 சதவீதம் போதும் என்கிறார்கள் என்றால் விலை 100. அவர்களே 6 வேண்டும் என்று சொன்னால் விலை 83. 4 போதும் என்றால் 125. வாடகையில் ஒரு காசு மாறவில்லை, கட்டடத்தில் ஒரு செங்கல் மாறவில்லை, விலை மட்டும் ஊஞ்சலாடுகிறது.

கடன் வாங்குகிறவரின் பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். 30 ஆண்டுக் கடன், வட்டி 3 சதவீதம். மாதத் தவணையாக ஒரு தொகையைக் கட்ட முடிகிறவருக்கு 100 கடன் கிடைக்கிறது என்று வைப்போம். வட்டி 7 சதவீதமானால் அதே தவணைக்கு 63தான் கிடைக்கும்.

ஆனால் தெருவில் நடப்பது வேறு. அமெரிக்காவில் 30 ஆண்டு வீட்டுக் கடனின் வட்டி 2021 தொடக்கத்தில் 3 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. 2023 அக்டோபரில் 8ஐத் தொடும் அளவுக்கு வந்தது. மேலே போட்ட கணக்குப்படி விலை சரிந்திருக்க வேண்டும். நாடு முழுவதற்குமான வீட்டு விலை அப்படிச் சரியவில்லை. 3 சதவீத நிலையான வட்டியில் கடன் வைத்திருந்தவர்கள், விற்றுவிட்டு 7 சதவீதத்தில் புதுக் கடன் வாங்குவானேன் என்று வீட்டைவிட்டு நகராமல் உட்கார்ந்துகொண்டார்கள். விற்பனைக்கு வரும் வீடுகளே குறைந்தன. 2023இல் கைமாறிய பழைய வீடுகள் சுமார் 41 லட்சம். 1995க்குப் பிறகு அதுவரை அந்த எண்ணிக்கை அவ்வளவு குறைந்ததில்லை.

பத்திரச் சந்தையில் விலை நொடியில் உடையும். வீட்டுச் சந்தையில் முதலில் உடைவது விற்பனையின் எண்ணிக்கை, விலை பிறகுதான். உரிமையாளருக்குத் தினமும் விலைப்பட்டியல் வருவதில்லை. அதனால் தன் வீட்டின் விலை இறங்கியிருப்பதை அவர் ஒப்புக்கொள்ள நாளாகும்.

வட்டி இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

ஜப்பானைக் கேட்டுப் பாருங்கள். அங்கே பெருநகரங்களில் நிலத்தின் விலை 1991 வாக்கில் உச்சத்தைத் தொட்டது. 1990இல் 8 சதவீதத்தை ஒட்டியிருந்த 10 ஆண்டு அரசுப் பத்திர வட்டி, 1998இல் 1 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. மேலே போட்ட கணக்குப்படி நிலம் வானத்தைத் தொட்டிருக்க வேண்டும். மாறாக, ஆண்டுக்கணக்கில் இறங்கிக்கொண்டே போனது.

வட்டி ஏன் இறங்குகிறது என்பதுதான் கேள்வி. பணவீக்கம் அடங்கி, தொழில் நன்றாக நடந்து, வட்டி இறங்கினால் வீட்டுக்கு நல்லது. தொழில் படுத்து, வங்கிகள் நொறுங்கி, கடன் கேட்க ஆளில்லாமல் வட்டி இறங்கினால் வாடகையும் சேர்ந்து இறங்கும். எதிர்ப்பக்க உதாரணமும் இருக்கிறது. 1970களில் அமெரிக்காவில் வட்டியும் ஏறியது, வீட்டு விலையும் ஏறியது. விலைவாசி இரண்டையும் தூக்கிக்கொண்டு போனது.

மத்திய வங்கி வட்டியைக் குறைத்துவிட்டதாகச் செய்தி வருகிறது. வீட்டுக் கடன் வட்டி மட்டும் ஏன் குறையவில்லை?

மத்திய வங்கி நேரடியாகப் பிடித்திருப்பது ஓரிரவுக் கடனின் வட்டியை. 10, 30 ஆண்டு வட்டியைப் பத்திரச் சந்தை தீர்மானிக்கிறது. அமெரிக்க மத்திய வங்கி 2024 செப்டம்பர் முதல் டிசம்பருக்குள் மொத்தம் 1 சதவீதப் புள்ளி குறைத்தது. அதே மாதங்களில் 10 ஆண்டு அரசுப் பத்திர வட்டி சுமார் 3.6இலிருந்து 4.6க்கு ஏறியது. அங்கே நீண்டகால வீட்டுக் கடன் இந்தப் பத்திரத்தின் வால் பிடித்துப் போவதால் அதன் வட்டியும் ஏறியது.

உங்கள் கடன் மாறும் வட்டிக் கடனாக, வங்கியின் குறுகியகால வட்டியோடு கட்டப்பட்டதாக இருந்தால் கதை வேறு. மத்திய வங்கியின் முடிவு சில மாதங்களில் உங்கள் தவணைக்கு வந்துவிடும். கடன் ஒப்பந்தத்தில் எந்த வட்டியோடு உங்களைக் கட்டியிருக்கிறார்கள் என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

என் கடன் இன்னொருவர் கையில் பத்திரமாகிறது என்றீர்களே, எப்படி?

இது பழைய கதை. ஏழாண்டுப் போர் 1763இல் முடிந்தபோது பிரஷ்யாவின் சைலீசியப் பகுதி நிலக்கிழார்கள் கடனில் மூழ்கியிருந்தார்கள். கடன் கொடுக்க ஆளில்லை. இரண்டாம் ஃபிரடெரிக் மன்னர் 1769இல் ஒரு வழி வகுத்தார். நிலக்கிழார்கள் சங்கமாகச் சேர்ந்து, தங்கள் நிலங்களை ஈடாக வைத்து, கைமாற்றத்தக்க பத்திரங்களை வெளியிட்டார்கள். தனியொரு கிழாரை நம்பாதவர்கள் சங்கத்தையும் மண்ணையும் சேர்த்து நம்பினார்கள். ஃபாண்ட்பிரீஃப் என்ற பெயரில் ஜெர்மனியில் இன்றும் அந்த வகை உயிரோடு இருக்கிறது. வெளியிட்ட வங்கி கவிழ்ந்தாலும், தனியே ஒதுக்கிவைத்த அடமானங்கள் பத்திரக்காரருக்குத்தான் முதலில்.

டென்மார்க்கில் 1795இல் கோபன்ஹேகன் நகரில் பெருந்தீ பரவி நூற்றுக்கணக்கான வீடுகள் எரிந்துபோயின. மறுபடி கட்டப் பணம் வேண்டும். 1797இல் அடமானக் கடன் சங்கம் பிறந்தது. அந்த நாட்டு முறையில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் அம்சம் உண்டு. ஒவ்வொரு வீட்டுக் கடனுக்கும் நிகரான பத்திரம் சந்தையில் இருக்கும். வட்டி ஏறி அந்தப் பத்திரத்தின் விலை 80க்கு இறங்கினால், கடன்காரர் 80 கொடுத்து அதை வாங்கி நீட்டித் தன் 100 கடனைத் தீர்த்துக்கொள்ளலாம். அந்த 80க்கு வட்டி கூடிய புதுக் கடன் வாங்க வேண்டியிருக்கும், ஆனால் அசல் குறைந்துவிட்டது. 2022இல் வட்டி ஏறியபோது நிறையப் பேர் இதைச் செய்தார்கள். வீட்டுக் கடன் வாங்குகிறவர் உண்மையில் ஒரு கடன் பத்திரத்தை எழுதி விற்கிறார் என்பது வேறெங்கும் இவ்வளவு பளிச்சென்று தெரிவதில்லை.

அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான கடன்களை ஒன்றாகக் கட்டி, அவற்றின் தவணைகளைப் பத்திரக்காரருக்குத் திருப்பிவிடுகிறார்கள். அரசு நிறுவனமான ஜின்னி மே 1970இல் இத்தகைய முதல் பத்திரத்துக்கு உத்தரவாதம் தந்தது. இதில் பத்திரக்காரருக்கு ஒரு தலைவலி உண்டு. வட்டி இறங்கினால் வீட்டுக்காரர்கள் பழைய கடனை அடைத்துப் புதுக் கடனுக்குப் போய்விடுவார்கள். பணம் வேண்டாத நேரத்தில் திரும்பி வரும். வட்டி ஏறினால் யாரும் அடைக்கமாட்டார்கள், மலிவு வட்டியில் பணம் மாட்டிக்கொள்ளும்.

அந்தப் பத்திரங்கள்தானே 2008இல் உலகத்தையே கவிழ்த்தன?

அந்த வகையில் கெட்டுப்போன கிளை ஒன்று. திருப்பிக் கட்டும் சக்தி இல்லாதவர்களுக்கும் கடன் கொடுத்தார்கள். கடன் கொடுத்தவர் அதை உடனே கைமாற்றிவிடுவதால், கடன் திரும்புமா என்ற கவலை அவருக்கு இல்லை. கடன்களைக் கட்டி அடுக்குகளாக வெட்டினார்கள். வரும் தவணை முதலில் மேலடுக்குக்கு, பிறகு நடுவுக்கு, மிச்சம் இருந்தால் அடிக்கு. மேலடுக்குக்கு மிக உயர்ந்த தர மதிப்பீடு கிடைத்தது. விற்காத நடு அடுக்குகளை எல்லாம் சேர்த்து மறுபடி ஒரு கட்டு, அதிலும் ஒரு மேலடுக்கு, அதற்கும் உயர்ந்த மதிப்பீடு. நாடு முழுவதும் ஒரே நேரத்தில் வீட்டு விலை இறங்காது என்ற ஒற்றை நம்பிக்கைதான் எல்லாவற்றுக்கும் ஈடு.

2006இல் உச்சத்தைத் தொட்ட வீட்டு விலை நாடு முழுவதும் இறங்கியது. 2008 செப்டம்பர் 7 அன்று ஃபேனி மே, ஃபிரெடி மேக் என்ற இரு பெரும் அடமான நிறுவனங்களை அரசு தன் கட்டுப்பாட்டுக்குள் எடுத்துக்கொண்டது. 15 அன்று லேமன் பிரதர்ஸ் திவால் மனுப் போட்டது.

அதே காலத்தில் ஃபாண்ட்பிரீஃப் வகையில் கடன் கொடுத்த வங்கி, கடனைத் தன் கணக்கிலேயே வைத்திருக்க வேண்டியிருந்தது. கெட்டுப்போனால் தன் தலையில் விழும் என்று தெரிந்தவர் கடன் கேட்பவரைச் சற்றே உற்றுப் பார்ப்பார்.

கடனில் வாங்கினால் லாபம் பெருகும் என்கிறார்களே?

பெருகும், நட்டமும் பெருகும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது அதன் வேகம். விலை 100, சொந்தப் பணம் 20, கடன் 80, சலித்த வாடகை 5. கடன் வட்டி 4 சதவீதம் என்றால் வட்டிக்கு 3.2 போய் 1.8 மிச்சம். போட்ட 20க்கு அது 9 சதவீதம். வட்டி 7 என்றால் 5.6 போகும், வாடகையோ 5. ஆண்டுதோறும் கைப்பணம் கரையும். விலை 10 இறங்கினால் உங்கள் 20இல் பாதி காணாமல் போகும்.

சலித்த வருவாயைவிடக் கடன் வட்டி குறைவாக இருக்கும்வரைதான் கடன் உங்களுக்கு வேலை செய்கிறது. மேலே போன கணத்திலிருந்து நீங்கள் அதற்கு வேலை செய்கிறீர்கள்.

வணிகக் கட்டடங்களில் இன்னொரு பொறி இருக்கிறது. அங்கே கடன் பெரும்பாலும் 5 அல்லது 10 ஆண்டுக்குத்தான். முடிவில் அசலின் பெரும்பகுதி மிச்சம் நிற்கும், புதுக் கடன் வாங்கித்தான் அதைத் தீர்க்க வேண்டும். அந்த நாள் வட்டி உயர்ந்திருக்கும் ஆண்டில் வந்து விழுந்தால், வாடகை ஒழுங்காக வரும் நல்ல கட்டடமும் ஏலத்துக்குப் போகலாம். வாங்கும்போது கட்டடத்தின் வயதைக் கேட்பவர்கள் கடனின் முதிர்வுத் தேதியையும் கேட்க வேண்டும்.

கையில் உபரிப் பணம் இருக்கிறது. வீட்டுக் கடனை அடைப்பதா, கடன் பத்திரம் வாங்குவதா?

கடனை அடைப்பதே ஒரு பத்திரத்தை வாங்குவதுதான். நீங்கள் எழுதிக் கொடுத்த பத்திரத்தை நீங்களே திரும்ப வாங்குகிறீர்கள். 8 சதவீதக் கடனை அடைத்தால், தவறவே தவறாத 8 சதவீதம் சம்பாதித்ததாக அர்த்தம். அரசுப் பத்திரம் 6 தருகிறதென்றால் யோசிக்கவே வேண்டாம், அடைத்துவிடுங்கள். கடன் 3 சதவீதத்தில் இருக்கிறது, பத்திரம் 5 தருகிறது என்றால் அடைக்க அவசரம் வேண்டாம்.

இரண்டு திருத்தங்கள். பத்திர வட்டிக்கு வரி உண்டா, கடன் வட்டிக்கு வரிச் சலுகை உண்டா என்று பார்த்து, வரி போக மிஞ்சுவதை ஒப்பிடுங்கள். மற்றது, சுவரில் புதைத்த பணத்தைத் திரும்ப எடுப்பது கடினம். ஆறு மாதச் செலவுக்காவது கையில் வைத்துக்கொண்டு மிச்சத்தை அடையுங்கள்.

ஒருபக்கம் 9 சதவீதத்தில் கடன் வைத்துக்கொண்டு மறுபக்கம் "பாதுகாப்புக்காக" 6 சதவீதப் பத்திரங்களைச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பாதுகாப்பு ஆண்டுக்கு 3 சதவீத விலைக்கு விற்கப்படுகிறது.

ரீட் என்பது பங்கா, பத்திரமா, கட்டடமா?

ரீட் என்பது பலரின் பணத்தைத் திரட்டிக் கட்டடங்களை வாங்கி, வரும் வாடகையைப் பங்கிட்டுத் தரும் அமைப்பு. சட்டப்படி அதில் நீங்கள் வாங்குவது பங்கு அல்லது அலகு. உள்ளே இருப்பது கட்டடம். விலை ஆடும் விதத்தில் பத்திரத்தின் சாயலும் உண்டு. 1960இல் அமெரிக்கச் சட்டம் பெற்றெடுத்த குழந்தை இது. வரிக்குரிய வருமானத்தில் 90 சதவீதத்தையாவது பங்கிட்டுக் கொடுத்துவிட வேண்டும், பதிலாக நிறுவன வரி விலக்கு. இதே அச்சில் பல நாடுகள் பிறகு வார்த்துக்கொண்டன.

வந்ததை எல்லாம் கொடுத்துவிடுவதால் சேமிப்பு நிற்காது. புதிதாகக் கட்டடம் வாங்கக் கடன் பத்திரம் வெளியிட வேண்டும், அல்லது புதுப் பங்கு விற்க வேண்டும். ஆகவே வட்டி ஏற்றம் ரீட்டை இரண்டு பக்கமும் கடிக்கும். கடன் செலவு கூடும், போட்டியாக நிற்கும் பத்திரமும் கவர்ச்சியாகும். 2022இல் கட்டடங்களை வைத்திருக்கும் அமெரிக்க ரீட்டுகளின் குறியீடு சுமார் 25 சதவீதம் விழுந்தது.

ஓர் எச்சரிக்கை. அடமான ரீட் என்று ஒன்று உண்டு. அதனிடம் கட்டடமே கிடையாது, அடமானக் கடன்களும் பத்திரங்களும்தான். குறுகியகாலக் கடன் வாங்கி நீண்டகாலப் பத்திரத்தில் போடுவது அதன் தொழில். ஈவு 12 சதவீதம் என்று பார்த்து மயங்கி, வீடு வாங்குவதாக எண்ணி அதை வாங்கிவிடாதீர்கள்.

கட்டுமான நிறுவனங்கள் அதிக வட்டியில் பத்திரம் வெளியிடுகின்றன. மண் இருக்கிறதே, பணம் எங்கே போகும்?

மண் யாருக்கு ஈடு வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் கேள்வி. சீனாவின் எவர்கிராண்டே நிறுவனத்திடம் மண்ணுக்குக் குறைவில்லை. 30,000 கோடி டாலருக்கு மேல் பொறுப்புகளும் இருந்தன. 2021இல் தவணை தவறியது. 2024 ஜனவரியில் ஹாங்காங் நீதிமன்றம் அதைக் கலைக்க உத்தரவிட்டது. டாலர் பத்திரங்களை வாங்கிய வெளிநாட்டவரின் உரிமை மேலே இருந்த தாய் நிறுவனத்தின் மீது. மண்ணும் அரைகுறைக் கட்டடங்களும் சீனாவுக்குள் கீழ் நிறுவனங்களிடம். அங்கே வங்கிகள், ஒப்பந்ததாரர்கள், முன்பணம் கட்டிவிட்டு வீட்டுக்காகக் காத்திருந்தவர்கள் எல்லோரும் அவர்களுக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள்.

இத்தகைய பத்திரத்தில் மேலே லாபத்துக்கு எல்லை உண்டு, கீழே நட்டமோ போட்ட பணம் முழுவதையும் விழுங்கலாம். நிறுவனம் கொழித்தாலும் உங்களுக்குச் சொன்ன வட்டிதான். குறிப்பிட்ட சொத்தின் மீது முதல் அடமானம், பத்திரக்காரர்கள் சார்பில் கேள்வி கேட்கும் அறங்காவலர், ஏற்கெனவே கட்டி முடித்து வாடகை வரும் கட்டடம் ஆகியவை இல்லாத பத்திரத்தை நான் தொடமாட்டேன்.

ஒப்பந்ததாரரிடம் பாண்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒருவர் சொன்னார். அதுவும் இதுதானா?

இல்லை. அது உத்தரவாதப் பத்திரம். வேலையைப் பாதியில் விட்டுவிட்டால் வங்கியோ காப்பீட்டு நிறுவனமோ குறிப்பிட்ட தொகையைத் தரும் என்ற வாக்கு. வட்டி கிடையாது, முதலீடும் அல்ல. ஆனால் பெரிய கட்டுமானத்தில் இறங்குகிறவர் கேட்டு வாங்க வேண்டிய ஒன்று.

வீடும் பத்திரமும் சேர்த்து வைத்திருந்தால் ஒன்று விழும்போது மற்றது தாங்குமா?

எது உங்களைத் தள்ளுகிறது என்பதைப் பொறுத்தது. மந்தநிலை வந்தால் வாடகை தடுமாறும், அரசுப் பத்திரம் பெரும்பாலும் கை கொடுக்கும். பணவீக்கம் வந்தால் பத்திரம் தேயும், நிலையான வட்டியில் கடன் வாங்கிய வீட்டுக்காரர் தப்பிவிடுவார். அவர் கடனை மதிப்பிழந்த பணத்தில் திருப்பிக் கட்டுகிறார். ஆனால் வட்டி சட்டென்று ஏறினால் இரண்டும் சேர்ந்தே அடிவாங்கும். 2022இல் ரீட்டுகளோடு அமெரிக்காவின் பரந்த பத்திரக் குறியீடும் சுமார் 13 சதவீதம் விழுந்தது. இதற்கு மருந்து குறுகிய முதிர்வுப் பத்திரங்கள். நீண்டகாலப் பத்திரம் வீட்டின் அதே நோயைச் சுமக்கிறது, அதைக் கொண்டு வீட்டை ஈடுகட்ட முடியாது.

நீண்ட முதிர்வை அவசரத்துக்கு விற்க நேர்வதுதான் ஆபத்து. அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிடம் இருந்தவை பெரும்பாலும் திவாலாகாத, அரசு ஆதரவு பெற்ற அடமானப் பத்திரங்கள். வட்டி குறைந்த காலத்தில் வாங்கியவை. வைத்திருந்தால் முழுப் பணமும் வந்திருக்கும். வைப்புதாரர்கள் பணத்தைக் கேட்டதும் நட்டத்தில் விற்க வேண்டி வந்தது, 2023 மார்ச்சில் வங்கி மூடப்பட்டது. வீட்டுக்கும் அதே விதிதான், இன்னும் கடுமையாக. பத்திரத்தில் பத்தில் ஒரு பங்கை விற்கலாம், சமையலறையை மட்டும் விற்க முடியாது.

குடியிருக்கும் சொந்த வீட்டை முதலீட்டில் சேர்த்துக்கொள்ளலாமா?

சேர்க்கலாம், ஆனால் எந்த நெடுவரிசையில் என்பதில் கவனம் வேண்டும். சொந்த வீடு தரும் வருமானம், நீங்கள் கட்டாமல் விட்ட வாடகை. வாடகை ஏற ஏற அந்தக் கூப்பனும் ஏறும், பல நாடுகளில் அதற்கு வரியும் இல்லை. அப்படிப் பார்த்தால் விலைவாசியோடு ஏறும் பத்திரம் ஒன்றை வைத்திருக்கிறீர்கள். ஆனால் அந்தக் கூப்பனைக் கொண்டு மருந்து வாங்க முடியாது. வீட்டின் விலை இரட்டிப்பானாலும் அதே ஊரில் இன்னொரு வீட்டின் விலையும் இரட்டிப்பாகியிருக்கும். ஓய்வுக்காலச் செலவுக்கு வேறு பத்திரம் வேண்டும்.

மூன்று ஆண்டில் வீடு வாங்கத் திட்டம். அதுவரை முன்பணத்தை எதில் வைக்கலாம்?

மூன்று ஆண்டில் முதிரும் அரசுப் பத்திரத்தில், அல்லது அதே காலத்துக்கான வைப்பில். முதிரும் நாளும் தேவைப்படும் நாளும் ஒன்றாக இருந்தால் இடையில் சந்தை விலை எப்படி ஆடினாலும் உங்களைத் தொடாது. அரை சதவீதம் கூடுதலாகக் கிடைக்கிறதே என்று 20 ஆண்டுப் பத்திரத்தை வாங்காதீர்கள். வட்டி ஏறினால் அதை நட்டத்தில் விற்பீர்கள், அதே வேளையில் உங்கள் வீட்டுக் கடனின் வட்டியும் ஏறியிருக்கும். எந்தத் தேதியில் வாங்குவீர்கள் என்று உறுதியில்லாவிட்டால் ஒன்று, இரண்டு, மூன்று ஆண்டு முதிர்வுகளாகப் பிரித்து வாங்குங்கள். வீடு முன்கூட்டியே அமைந்துவிட்டால் முதிர்ந்த பங்கை எடுக்கலாம், அமையாவிட்டால் முதிர்வதை அடுத்த படிக்கு நகர்த்திக்கொண்டே போகலாம்.